எடைமேடையில் நவம்பர்

மாதக் கணக்கு எழுதுகிறேன்.
லாரி எண், நேரம், குலைகளின் எடை என
முன்பக்கமிருந்து நிறையும் நோட்டில்
பின்பக்கமிருந்து வருகின்றன நான் படித்தவை.
நடுவில் இரண்டும் முட்டிக்கொள்ளும் நாளில்
புது நோட்டு கேட்க வேண்டும்.
மேனேஜருக்கு இன்னும் தெரியாது.

இந்த மாதம் நான்கரை.

முதலாவது துப்பறியும் கதை.
மூன்றாம் பக்க ஓரத்தில் யாரோ நீல மையில்
"கொன்றவன் மைத்துனன்" என்று எழுதிவைத்திருந்தார்கள்.
தெரிந்தே படித்தேன். அவன் சிரித்தால் சந்தேகம்,
தேநீர் ஆற்றினால் சந்தேகம்.
கடைசியில் பார்த்தால் மைத்துனன் இல்லை.
அந்தப் புளுகன் மேல் வந்த பிரியம்
எழுதிய ஆசிரியர் மேல் வரவில்லை.

இரண்டாவதில் ஒரு தோட்டம்.
பகல் இரண்டு மணிக்குப் பால்மரம் வெட்டுகிறார்கள்!
மூடி வைத்துவிட்டு மைலோ கலக்கினேன்.
கோபம் தீராமல் மறுநாள் ராத்திரி
இன்னும் என்னென்ன தப்பு என்று எண்ணவே படித்தேன்.
பதினேழு.
ஆனால் கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில்
ஒருத்தி வாளி கழுவுகிறாள்,
ஒட்டிய பாலை நகத்தால் சுரண்டி
சுருட்டி, பாவாடையில் தேய்த்து.
அம்மாவின் கட்டைவிரல் அது.
எங்கே பார்த்தார் இந்த மனிதர்?
பதினேழைப் பத்தாகக் குறைத்தேன்.

மூன்றாவது பனிதேசத்துக் கதை, மொழிபெயர்ப்பு,
எழுநூற்றுச் சொச்சம் பக்கம்.
ஆளுக்கு இரண்டு மூன்று பெயர்.
எனக்குக் குழப்பமில்லை, எங்கள் ஊரே அப்படித்தான்:
பலகையில் பெஸ்தாரி ஜெயா,
பஸ்ஸில் ஏறினால் பத்தாங் பெர்ஜுந்தை.
மில் கொதிகலன் மூச்சு விடும் அறையில்
பில் புத்தகத்தால் விசிறியபடியே
ஒரு கிழட்டுக் குதிரை குளிரில் விறைத்ததற்கு அழுதேன்.
காவலுக்கு நிற்கும் நேப்பாளத் தம்பி
ஜன்னலில் எட்டிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் போனான்.

நான்காவதில் மூடிய வாசகசாலையின் முத்திரை.
இரவல் சீட்டில் ஒரே பெயர்: த. சின்னக்கிளி.
அவள் பென்சில் எனக்கு முன்னே நடந்தது,
பிடித்த வரிக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கோடாக.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டது.
பிரசவமோ, மாற்றலோ, சலிப்போ.
சலிப்பென்றால் நியாயம்,
அங்கிருந்து நாற்பது பக்கம் கதை நொண்டுகிறது.
தனியாகத்தான் போனேன்.
அப்புறம் நன்றாயிருக்கிறது சின்னக்கிளி,
அந்தப் பையன் திரும்பி வருகிறான்.

அரை, மலாய் நாவல்.
ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்: ராவான்.
லாரி ஓட்டும் ஹாலிமிடம் கேட்டேன்.
குருத்தெலும்பு என்றார்,
கோழிக்காலில் நறுக்கென்று கடிபடுமே, அது.
ஆக, கணவன் கப்பலேறிப் போன அன்று
அவள் நெஞ்சு குருத்தெலும்பாயிற்று
என்று படித்துக்கொண்டேன். சரியாகத்தான் பட்டது.

மாதக் கடைசி ராத்திரி, மழை, லாரி வரத்தில்லை.
நாலரைப் புத்தகத்தையும் எடைமேடையில் வைத்தேன்.
பூஜ்யம்.
பத்துக் கிலோவுக்குக் கீழே
எந்தப் பாரத்தையும் அது மதிக்காது.
தூக்கிக்கொண்டு நானே ஏறினேன்: அறுபது.
இறக்கி வைத்து ஏறினேன்: அறுபது.

நாலு மணிக்கு ஹாலிம் வந்தார், சேறும் ஹாரனுமாக.
சீட்டு நீட்டும்போது சொன்னார்:
"வீட்டில் கேட்டேன். எலும்பு இல்லையாம்.
ஏக்கம் மாதிரி ஏதோ.
ஆனால் எதற்கென்று தெரியாதாம்."

பின்னால் இரண்டு லாரி நின்றது.
மறந்துபோகுமுன் எழுதிவிட்டேன்,
அவசரத்தில், முன்பக்கத்தில்,
அவருடைய பதினோரு டன் அறுநூற்றிருபதுக்குப் பக்கத்தில்:
ராவான். குருத்தெலும்பு. எதற்கென்று தெரியாதது.

திங்கட்கிழமை மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டிய பக்கம்.